யோகாவின் புள்ளிக்கு நான் எழுதிய காரணம்

புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும்,

எந்தப் படிப்புக்கு எந்தப் படிவம், எந்தச் சான்றிதழை யார் உறுதிப்படுத்த வேண்டும், எதற்கு எப்போது கடைசித் திகதி என்பதெல்லாம் நம் அலுவலகத்து அலமாரியில் இருக்கிறது. ஒரு வாரம் உட்கார்ந்து வாசித்தால் பிடிபட்டுவிடும். நான் ஓய்வு பெற்று நான்கு மாதமாகிறது. "மிஸ், எங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க" என்று நீங்கள் கேட்டபோது, அலமாரியில் இல்லாத ஒன்றைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. அது நான் செய்த ஒரு பிழை. அதைத் திருத்திக்கொள்ள எனக்கு இடம் கொடுத்த இரண்டு பேருக்கு இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை. அதையும் இதில் சொல்லிவிடுகிறேன்.

பசறைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினோரு வருடம் ஆங்கிலம் படிப்பித்துவிட்டுத்தான் நான் பதுளைக்கு இந்த வேலைக்கு வந்தேன். துணிக்கடைக்கு மேலே இரண்டு அறை. தோட்டத்துப் பிள்ளைகள் பட்டம் முடித்துவிட்டு மேலே படிக்க விண்ணப்பிப்பதற்கு உதவுவதுதான் வேலை என்றார்கள். அந்த மாடியையும் கொடுத்து, இந்த வேலைக்கான அறக்கட்டளையையும் நடத்துகிறவர் கீழே இருக்கும் கடைக்காரர். உங்களுக்கும் அவரைத் தெரியும், பெயர் வேண்டாம்.

நல்ல புள்ளியோடு வருகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அவர்கள் வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நாம் இல்லாவிட்டாலும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். குறைந்த புள்ளியோடு வருகிறவர்கள் கதவுக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். பெறுபேற்றுத் தாள் நாலாக மடிந்து பைக்குள் கிடக்கும். வேறு எதையோ கேட்க வந்தவர் மாதிரி முதலில் பேச்சுக் கொடுப்பார்கள். அப்படி நிற்கிறவர்தான் நம்மைத் தேடி வந்தவர்.

அதை நான் ஆரம்பத்தில் அறியவில்லை. வேலைக்கு வந்து மூன்றாம் வருடம், பூனாகலையிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். முகாமைத்துவத்தில் முதுமாணிப் படிப்புக்கு, எல்லோரும் எம்பிஏ என்று சொல்கிறோமே, அதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றார். தாளை வாங்கிப் பார்த்தேன். பட்டத்தில் சராசரி நாலுக்கு இரண்டைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. "தம்பி, இந்தப் புள்ளிக்கு அது கிடைக்காது. வேற ஏதாவது டிப்ளோமா பாருங்க" என்றேன். மேசையில் இருந்த தேத்தண்ணி ஆறுவதற்குள் அவரை அனுப்பிவிட்டேன்.

"சரிங்க மிஸ்" என்று போய்விட்டார்.

இரண்டு வருடம் கழித்து, பல்கலைக்கழகக் கடிதம் ஒன்றின் பிரதியை உறுதிப்படுத்தக் கையெழுத்து வாங்க அதே ஆள் வந்தார். தலைப்பைப் பார்த்தேன். நான் கிடைக்காது என்று சொன்ன அதே படிப்பின் இறுதி வருடத்தில் இருந்தார்.

"எப்படிங்க தம்பி?"

"சும்மா கேட்டுப் பாத்தேன் மிஸ். பரீட்சைக்குக் கூப்பிட்டாங்க, போனேன்."

அவ்வளவுதான். முகத்தில் கோபமே இல்லை. கையெழுத்துக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இனிமேல் யாரையும் முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்புவதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன். நல்ல முடிவுதான். ஆனால் அதோடு இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. முடியாது என்று சொல்வதை நிறுத்திய நான், அவர்களுக்குப் பதிலாக நானே பேச ஆரம்பித்தேன். விண்ணப்பத்தோடு 'உங்களைப் பற்றி எழுதுக' என்று ஒரு பக்கம் கேட்பார்கள் இல்லையா, அதை நானே எழுதிக் கொடுப்பேன். என் ஆங்கிலம் நன்றாக இருக்கும். பிள்ளைகளும் சந்தோஷப்பட்டார்கள். பல வருடம் அது உதவி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் யோகா வந்தாள்.

நமுனுகுல பக்கம் ஒரு தோட்டத்தில் அவள் வெளிக்கள உத்தியோகத்தர். இருபத்தெட்டு வயது இருக்கும். அந்தத் தோட்டத்தில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண். அம்மா அதே தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். அப்பா தொழிற்சாலையில் வேலை செய்தவர், பாரிசவாதம் வந்து ஒரு கை சரியாக வழங்காமல் வீட்டில் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பசறை பஸ்ஸில் வந்து, நான் சொன்ன மாதிரியே கதவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எம்பிஏ செய்யணும் மிஸ். இந்த வருஷமே போட்டுறணும்."

"ஏன் இவ்வளவு அவசரம்?"

"எங்க தோட்டத்துப் பெரிய தொர வகுப்புக்குப் போக சனி ஞாயிறு லீவு தாறேன்னு எழுத்துல குடுக்கச் சம்மதிச்சிருக்காரு. அவரு மாத்தலாகிப் போறாரு மிஸ். அடுத்து வாறவரு எப்படியோ தெரியாது."

தாளை வாங்கினேன். சராசரி இரண்டு புள்ளி பதினெட்டு. வகுப்புச் சித்தி என்று எதுவும் இல்லை, சாதாரணமாகத் தேறிய வெறும் பட்டம்தான். முதல் வருடம் பரவாயில்லை. இரண்டாம் வருடம் பள்ளத்தில் விழுந்த மாதிரி இருந்தது. புள்ளிவிபரவியல் இரண்டு தடவை எழுதியிருந்தாள், கணக்கியலும் இரண்டு தடவை.

"ரெண்டாம் வருஷம் என்னம்மா நடந்துச்சு?"

அவள் தரையைப் பார்த்தாள். "கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு மிஸ். அப்பாவுக்கும் சொகமில்லாமப் போச்சு..."

அதற்குப் பிறகும் ஏதோ சொல்ல வந்தாள். நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அப்பா விழுந்தார், மகள் கம்பஸிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து கம்பஸுக்கும் அலைந்தாள், படிப்பு சரிந்தது. அந்த இடத்திலேயே எனக்கு முழுப் பக்கமும் மனதுக்குள் ஓடிவிட்டது. "அதை நான் பாத்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

மூன்று நாளில் எழுதி முடித்தேன். வாசிக்கிற யாருக்கும் கண் கலங்கும். கடைசி நாளன்று அவள் வந்து என் மேசைக்கு எதிரே நின்றபடி வாசித்தாள். இரண்டாம் பந்தியில் கொஞ்ச நேரம் நின்றது அவளுடைய பார்வை. பிறகு, "நல்லா இருக்கு மிஸ்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அன்றே அனுப்பினோம். அந்த வருடம் நம் அலுவலகக் கடிதத்தோடு அதே படிப்புக்கு இன்னும் இரண்டு பேருடைய விண்ணப்பமும் போனது.

கொழும்பில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து பத்து நாளில் பதில் வந்தது. நல்ல பதில்தான். விண்ணப்பதாரியின் குடும்பச் சூழ்நிலையைக் கவனத்தில் எடுக்க விரும்புகிறோம், தந்தையின் சுகவீனத்துக்கான வைத்தியசாலை ஆவணம் ஒன்றை வெள்ளிக்கிழமைக்கு முன் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே யோகாவுக்குப் போன் எடுத்தேன்.

"அப்பாவோட கிளினிக் அட்டை இருக்குதானே? அதக் கொண்டாங்க."

"நாளைக்கு வாறேன் மிஸ்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் காலையிலேயே வந்துவிட்டாள். அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். "திகதியப் பாருங்க மிஸ்."

பார்த்தேன். பெறுபேற்றுத் தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவளுடைய அப்பா விழுந்தது மூன்றாம் வருடத்தில். இரண்டாம் வருடம் அவள் பாடங்களில் தவறிக்கொண்டிருந்தபோது அவர் நன்றாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அதைவிட இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. அப்பா படுக்கையில் கிடந்த அந்த மூன்றாம் வருடத்தில்தான் அவளுடைய புள்ளிகள் ஏறியிருந்தன. நான்காம் வருடம் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தன. தாள் என் கையிலேயேதான் இருந்தது. நான் அவள் விழுந்த வருடத்தை மட்டும் பார்த்துவிட்டு, எழும்பிய இரண்டு வருடத்தையும் பார்க்காமல் விட்டிருந்தேன்.

"அப்ப ரெண்டாம் வருஷம் என்ன நடந்துச்சு?"

"இங்கிலீஸ் மீடியம் மிஸ். ஒண்ணும் வெளங்கல. கேக்க வெக்கம். தோட்டத்துப் புள்ளன்னு நெனச்சிருவாங்களோன்னு பின் வரிசையில போயி உக்காந்தேன். பொறகு லெக்சருக்குப் போறதையே விட்டுட்டேன். ஹொஸ்டல்ல படுத்துக் கெடப்பேன். பெயில்னு வந்தப்ப அப்பாகிட்ட பாஸ்னு சொல்லிட்டேன். அவரு லயத்துல எல்லா வீட்டுக்கும் டொபி குடுத்துட்டாரு."

இப்போது நான் சொல்லப்போவதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. எனக்கு முதலில் வந்தது பயம். அந்தப் பயத்தில், "அட்டை தொலைஞ்சு போச்சுன்னு எழுதிருவோமா?" என்று கேட்டேன். ஒரு ஆசிரியையாக இருந்தவள், அந்தப் பிள்ளையிடம் அதைக் கேட்டேன்.

யோகா கோபப்படவில்லை. அட்டையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்பாகிட்ட ஒருக்காப் பொய் சொன்னேன் மிஸ். அவர வச்சு இன்னொரு பொய் சொல்ல ஏலாது. அன்னைக்கே சொல்லியிருக்கணும். நீங்க கஷ்டப்பட்டு எழுதியிருந்தீங்க, அதான் வாய் வரல. வேணாம்னா விட்டுறலாம். நான் வேலைக்குப் போயிக்கிட்டு இருக்கேன்தானே."

விட்டுவிடலாம் என்று அவள் சொன்னதுதான் என்னைச் சுட்டது. என் பிழைக்கு அவள் தன் வருடத்தைக் கொடுக்கத் தயாராக நின்றாள்.

அவளை உட்கார வைத்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் ஒன்றை எழுதினேன். எழுதியதை எடுத்துக்கொண்டு கீழே கடைக்குப் போனேன். அறக்கட்டளையின் பெயர் போட்ட தாள், அவருக்குத் தெரியாமல் அனுப்ப முடியாது. கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது இளையவர். யாருக்கோ சட்டைத் துணி அளந்துகொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன். கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கி வாசித்தார்.

"டீச்சர், இதுல 'தவறான புரிதல் காரணமாக என் விண்ணப்பத்தில் பிழையான தகவல் இடம்பெற்றுவிட்டது'ன்னு அந்தப் புள்ள சொல்ற மாதிரி இருக்கு. யாரு தப்பாப் புரிஞ்சது?"

"நான்தான்."

"எழுதினது?"

"நான்தான்."

"அது இதுல இல்லையே டீச்சர். இத வாசிக்கிறவன் அந்தப் புள்ளையத்தானே பொய்க்காரின்னு நெனப்பான்."

நேர்மையாக ஒரு கடிதம் எழுதிவிட்டேன் என்று நினைத்துத்தான் படியிறங்கி வந்திருந்தேன். அதிலும் என்னைப் பத்திரமாக மறைத்துத்தான் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"நான் எழுதினேன்னு போட்டா நம்ம பேரு கெட்டுப் போயிருங்க. இன்னும் ரெண்டு புள்ளைங்களோடதும் போயிருக்கு. நாளைக்கு இங்கருந்து எது போனாலும் சந்தேகப்படுவாங்க" என்றேன்.

அவர் கடிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "படட்டும். நாம நாளைக்கும் இங்கதான் இருப்போம், அடுத்த வருஷமும் இருப்போம். கெட்ட பேரை மெதுவா சரி பண்ணிக்கலாம். அந்தப் புள்ளைக்கு இந்த வருஷம் ஒண்ணுதானே இருக்கு."

இவ்வளவையும் சொல்லிவிட்டு, காத்திருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடியும் துணியை அளக்கப் போய்விட்டார். நான் மேலே ஏறிப் போய்க் கடிதத்தைக் கிழித்தேன். என் பெயரில், என் கையெழுத்தில், வேறொன்று எழுதினேன். அந்தப் பக்கத்தை எழுதியது நான். விண்ணப்பதாரியிடம் சரியாகக் கேட்காமல் எழுதினேன். அதில் உள்ள காரணம் உண்மையல்ல. அதைக் கண்டுபிடித்து நிறுத்தச் சொன்னது விண்ணப்பதாரிதான். அவர் தானே எழுதிய பக்கத்தை இத்துடன் இணைக்கிறேன், ஏற்பதும் விடுவதும் உங்கள் முடிவு. எட்டு வரிதான். என் வாழ்க்கையில் அவ்வளவு சிரமப்பட்டு எதையும் எழுதியதில்லை.

யோகா தன் பக்கத்தைப் பக்கத்து அறையில் உட்கார்ந்து எழுதினாள். நான் உள்ளே போகவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்துக் கொண்டு வந்து கொடுத்தாள். ஆங்கிலத்தில் பிழைகள் இருந்தன. என் சிவப்புப் பேனை கைக்குள்ளேயே இருந்தது, திருத்தவில்லை. இரண்டாம் வருடம் எனக்கு விளங்கவில்லை, விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டேன், அதனால் தவறினேன் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். மூன்றாம் வருடம் அப்பா விழுந்ததும் இனித் தவறினால் வீட்டைப் பார்க்க வேறு யாரும் இல்லை என்று தெரிந்தது, என்னைவிட ஒரு வருடம் கீழே படித்த மாணவியிடம் போய்ப் புள்ளிவிபரவியல் சொல்லித் தரச் சொன்னேன், அவள் சொல்லித் தந்தாள், சித்தியடைந்தேன் என்று அடுத்து எழுதியிருந்தாள்.

மிச்சம் எல்லாம் அவளுடைய வேலையைப் பற்றி. அதை நான் அவளிடம் ஒருநாளும் கேட்டதே இல்லை. கொழுந்து நிறுக்கும் மடுவம் அவர்களுடைய மலையில் மேல் ரோட்டில் இருந்ததாம். கீழ் மலையில் பறிக்கிற பெண்கள் கொழுந்தைச் சுமந்துகொண்டு ஏறி வரக் கடைசியாகத்தான் வந்து சேர்வார்கள். அவர்களுக்குப் பகல் சோற்றுக்கு நேரமே இருக்காது. அதைப் பார்த்துவிட்டு யோகா கீழ் ரோட்டுக்கு நிறுவையை மாற்றினாள். லொறி சாரதியைக் கேட்கவில்லை. அங்கே ரோடு வளையும் முடக்கில் லொறியைத் திருப்ப முடியாமல் போய், கொழுந்து சாக்குக்குள்ளேயே கிடந்து சூடேறி, தொழிற்சாலையில் நல்ல ஏச்சு வாங்கினாள். பிறகு சாரதியையும் கங்காணியையும் பறிக்கிற பெண்கள் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டாள். ஒரு நாள் மேலே முதலில், மறுநாள் கீழே முதலில், லொறி நிற்க அகலமான இடம் ஒன்று என்று அவர்களே வழி சொன்னார்கள். 'அவர்களிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்' என்று முடித்திருந்தாள்.

நான் எழுதிய பக்கத்தில் அவள் பாவப்பட்ட ஒரு மகள். அவள் எழுதியதில் ஒரு முகாமையாளர் இருந்தாள். முகாமைத்துவம் படிக்க அனுப்புகிற விண்ணப்பத்தில் எது வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடமும் சொல்லிவிட்டாளாம், பாஸ் என்று சொன்னது பொய் என்று. அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "இந்தத் தடவையாவது நெசமாவே பாஸ் பண்ணுவியா?" என்று கேட்டாராம். அதை என்னிடம் சொல்லும்போது சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

கொழும்பிலிருந்து ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. பேசிய அம்மா கடுமையாகத்தான் பேசினார். யோகாவின் இரண்டாவது பக்கத்தை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் எங்கள் அலுவலகத்திலிருந்து வந்த மற்ற இரண்டு பேரும் ஒரு நாள் நேரில் வந்து, அங்கேயே உட்கார்ந்து, தங்களைப் பற்றிக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். நியாயம்தான். அந்த இருவரில் ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "உங்கள நம்பித்தானே மிஸ் குடுத்தோம்? எங்களையும் கள்ளனாக்கிட்டீங்களே" என்று சத்தம் போட்டார். கேட்டுக்கொண்டேன். இருவரும் போய் எழுதிக் கொடுத்தார்கள். சத்தம் போட்டவருக்கு இடம் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. என் பிழையால்தானோ என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்தச் சந்தேகம் என்னோடு இருக்கும், இருக்கட்டும்.

நுழைவுப் பரீட்சை வந்தது. பட்டத்தின் சராசரியை நாம் மாற்ற முடியாது, அது முடிந்த கதை. பரீட்சை இன்னும் நடக்காத கதை. இதை வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள். புள்ளிவிபரவியலை இரண்டு தடவை எழுதியவள் என்று தாள் சொல்கிறது என்றால், அதற்கு வார்த்தையில் பதில் சொல்லி ஆகாது. யோகா இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளைக்கு வந்து கணக்கு ஆசிரியர் ஒருவரிடம் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில், அவர்களுடைய வாங்குப் பலகையில். எண் கணக்குப் பகுதியை நன்றாகச் செய்தாள், நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

நேர்முகத்தில் நடந்தது அவள் எனக்குச் சொன்னது. மூன்று பேர் இருந்தார்களாம். ஒருவர் எடுத்த எடுப்பிலேயே, "உங்களைப் பற்றி எங்களிடம் இரண்டு கதை இருக்கிறது. இரண்டாவதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?" என்று கேட்டார்.

யோகா, "என்னை நம்ப வேணாம் சார். மூணாம் வருஷத்துப் புள்ளியப் பாருங்க. தோட்டத்துக்குப் போன் பண்ணிக் கேளுங்க" என்றாள்.

இன்னொருவர் கணக்குப் பக்கம் போய் ஏதோ ஒரு நிதிச் சொல்லைச் சொல்லிக் கேள்வி கேட்டார். யோகாவுக்கு அந்தச் சொல் தெரியாது. "ஒரு நிமிஷம் மிஸ், அந்தப் பின் வரிசை திரும்பி வந்துச்சு. தலையாட்டிட்டு ஏதாவது சொல்லிறலாமான்னு இருந்துச்சு" என்று சொன்னாள். பிறகு கையைத் தூக்கினாளாம், வகுப்பில் பிள்ளைகள் தூக்குகிற மாதிரி. "சார், அந்தச் சொல்லு எனக்கு வெளங்கல. வெளக்கினீங்கன்னா பதில் சொல்றேன்."

கேட்டவர் தாளில் ஒரு கோடு போட்டு விளக்கினார். யோகா கேட்டுவிட்டு, கொழுந்துச் சாக்கையும் லொறியையும் வைத்துப் பதில் சொன்னாள். சரியா பிழையா என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளியே வந்து, நிச்சயம் கிடைக்காது என்று எனக்குப் போன் எடுத்தாள். "ஆனா மிஸ், ஒரு பொய்யும் சொல்லல. பஸ்ல நிம்மதியா வருவேன்" என்றாள்.

நீங்கள் இந்த வேலையில் நிறைய அவசரங்களைப் பார்ப்பீர்கள். கடைசித் திகதியன்று இணையம் வேலை செய்யாது, கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இருக்கமாட்டார். அதெல்லாம் எப்படியோ சமாளிக்கலாம். எதிரே இருப்பவருக்கு உதவுகிறோம் என்ற நினைப்பில், அவர் சொல்லி முடிப்பதற்கு முன் நாம் பேனையை எடுக்கிற அந்த நேரம்தான் ஆபத்து. யோகா அன்றைக்கு 'அப்பாவுக்கும்' என்றாள். அந்த 'உம்'மை நான் கேட்டிருந்தால் போதும். இப்போது யாராவது குறைந்த புள்ளியோடு வந்தால் நான்கு வருடத்தையும் வரிசையாக அவர் வாயாலேயே சொல்ல விடுங்கள். காரணத்தை அவரே எழுதட்டும். பிழையான ஆங்கிலத்தில் எழுதினாலும் பரவாயில்லை.

பிழை வந்துவிட்டால், யார் எழுதியது என்று கடைக்காரர் கேட்டாரே, அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். என்னைத் திட்டவில்லை, வேலையை விட்டு நிறுத்தவில்லை, அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவுமில்லை. அடுத்த வருடம் விண்ணப்பங்கள் போகும்போது, "டீச்சர் பாத்தீங்கதானே, சரி" என்று வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். யோகாவுக்கோ எப்படி நன்றி சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை. நான் அவளுக்குச் செய்ததைவிட, அட்டையை என் மேசையில் கொண்டுவந்து வைத்து அவள் எனக்குச் செய்தது பெரிது.

அவள் படிப்பை முடித்துவிட்டாள். பெரிய புள்ளி ஒன்றும் இல்லை, நல்ல நடுத்தரம். இப்போது பண்டாரவளைப் பக்கம் பல தோட்டங்களின் கொழுந்து வேலையைப் பார்க்கிற பொறுப்பில் இருக்கிறாள். ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அவளுக்கு முடிவு வந்த நாள்.

முடிவு நம் அலுவலக மின்னஞ்சலுக்குத்தான் வந்தது. நிபந்தனையோடு இடம் கொடுத்திருந்தார்கள். முதல் ஆறு மாதத்தில் இன்ன சராசரிக்குக் குறைந்தால் தொடர முடியாது என்று இருந்தது. போனில் சொல்ல மனம் வரவில்லை. அச்செடுத்துக்கொண்டு பசறை பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் தோட்டத்துக்குப் போனேன். பகல் நிறுவை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் சாக்குகளோடு வரிசையில் நின்றார்கள். யோகா தராசுக்குப் பக்கத்தில் நிறை எழுதிக்கொண்டிருந்தாள். தாளைக் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே இரண்டு தடவை வாசித்தாள்.

வரிசையில் முதலாவதாக நின்ற அம்மா ஒருவர், "என்னங்க மிஸ் எழுதியிருக்கு?" என்று அவளைக் கேட்டார்.

"எடுத்துக்கிட்டாங்கக்கா. ஆனா மொத ஆறு மாசம் நல்ல மார்க் எடுக்கலன்னா வெளிய போகச் சொல்லிருவாங்களாம்."

நாளுக்குரிய கொழுந்து குறைந்தால் தோட்டத்தில் அன்றைக்கு அரைப்பேர்தான் விழும், பாதி நாள் கணக்கு. அந்த அம்மா சாக்கை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

"அது நியாயந்தானே. கொழுந்து கொறஞ்சா எங்களுக்கும் நீங்க அரப்பேருதானே போடுறீங்க" என்றார். பிறகு சாக்கைத் தராசில் தொப்பென்று வைத்தார். "சந்தோசம் மிஸ். மொதல்ல இத நிறுங்க, சோறு ஆறுது."

வரிசை முழுவதும் சிரித்தது. யோகா தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கக் குனிந்தாள்.